ஒரே நம்பர் கொடுத்தவர்கள்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட்டாகவில்லை. "அம்மா, கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்று நீ கத்தினாய். எல்லாம் கேட்டது. பேசாமல் இருந்தது உன் அம்மாதான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் ரிசீவரை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உன் அப்பா என்னை எப்போதும் கேலி செய்வார். அதனால் ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். ஆறப்போட்டும் ஆறவில்லை. போனில் சொன்னால் "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று நடுவில் வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, முழுதாகப் படி.

நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். கடன் கேட்டு வருகிறவர்களில் யாருக்குக் கொடுக்கலாம், யார் ஏமாற்றுக்காரர் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிற புரோகிராம் உங்களுடையது. பழைய கடன்களைப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்கிறது, அதற்கு ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று பெயர். இதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சொன்னாய்: "நெறைய அப்ளிகேஷன்ல ஒரே போன் நம்பர் இருந்துதுன்னா அது திருட்டுக் கும்பல்னு மெஷினே புடிச்சிடும்மா. அது நான் குடுத்த ஐடியா. டிரெய்னியா சேந்தப்பவே குடுத்தேன். இப்ப இந்தியா பூரா எல்லா பிராஞ்சுலயும் போடப் போறாங்க." முதன்முதலில் எந்த பைனான்ஸ் கம்பெனிக்கு அதைப் போட்டுக் கொடுத்தீர்கள் என்று பெயரும் சொன்னாய். விருத்தாசலம் கடைத்தெருவில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கிளை இருக்கிறது என்பது உனக்கு நினைவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உன் வசந்தா சித்தி கடன் கேட்டது அங்கேதான். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நம் ஷெட்டுக்கு இரண்டு ஷெட் தள்ளிப் பீங்கான் பொம்மை செய்தாளே, அவள்தான். நம்மைப் போல் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிறவர்களைப் பார்த்து, "கரண்டுக்காரங்களுக்கு ஒழைக்கிறீங்க, நான் கடவுளுக்கு ஒழைக்கிறேன்" என்று பிள்ளையாரைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாளே, அந்த வசந்தா. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நம் எல்லோரையும் போல அவளும் பொதுச் சூளையில்தான் சரக்கைச் சுட்டு எடுத்தாள். சரக்கை அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் வண்டியில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பியூஸ் கட்டை காத்திருக்கும், கொலு பொம்மை காத்திருக்குமா? நவராத்திரி முடிந்தபிறகு வெளியே வரும் பிள்ளையாரை யார் வாங்குவார்கள்? சொந்தமாக ஒரு சின்ன கேஸ் சூளை போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. சென்னைக் கடை ஒன்று பெரிய ஆர்டர் தர ஒப்புக்கொண்டிருந்தது. நேரத்துக்குத் தருவதாக இருந்தால் மட்டும்.

விண்ணப்பம் நிரப்பும்போது நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன், ஜாமீன் கையெழுத்து என்னுடையது. தொலைபேசி எண் என்ற இடம் வந்ததும் அவள் யோசிக்கவே இல்லை, சூளை ஆபீஸ் நம்பரை எழுதினாள். அவள் வீட்டுக்காரரிடம் செல்போன் இருந்தது. "அத எழுதலாம்ல?" என்று கேட்டேன். "அது லாரியோட ஊர் ஊரா சுத்துதுக்கா. இன்னைக்கு ஒரு சிம்மு, நாளைக்கு ஒரு சிம்மு. சூளை ஆபீஸ் நம்பருன்னா நம்மள எப்ப வேணா புடிக்கலாம், ஓடிப் போறவ இல்லன்னு அவங்களுக்கும் தெரியும்" என்றாள். நானும் சரி என்றேன். அது எவ்வளவு சரி என்பது உனக்குத் தெரியாததா? எஸ்டேட்டில் யாருக்கு எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் அந்த ஆபீஸுக்குத்தான் வரும். எடுத்தவர்கள் வெளியே வந்து பேரைச் சொல்லிக் கத்துவார்கள். உனக்குக் காலேஜில் இடம் கிடைத்த செய்தி எந்தப் போனில் வந்தது? நீ செருப்புக்கூடப் போடாமல் அந்தக் களிமண் சேற்றில் ஓடினாயே. நம் ரேஷன் கார்டு விண்ணப்பத்திலும், உன் ஹாஸ்டல் விண்ணப்பத்திலும் அந்த நம்பர்தான் இருந்தது. எஸ்டேட்டில் கடன் கேட்ட எல்லோருமே அதைத்தான் எழுதினார்கள். எழுதியது நாணயத்துக்கு அடையாளமாக. உன் கண்ணுக்கு அது கும்பலாகத் தெரிந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாத ஊர்க்காரன் இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

பத்து நாளில் வந்துவிடும் என்ற கடன் வரவில்லை. இருவரும் கிளைக்குப் போனோம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டம் எடுக்கலைங்க" என்றார். "எடுக்கலைன்னா என்னாங்க காரணம்?" என்று நான் கேட்டேன். "காரணமெல்லாம் எங்களுக்கு வராதுங்க. பச்சை வந்தா உண்டு, செவப்பு வந்தா இல்ல. உங்களுது செவப்பு." வசந்தா விடவில்லை. "சிக்னல்ல செவப்பு எரிஞ்சாக்கூட பக்கத்துல போலீஸ்காரர் ஒருத்தர் நிப்பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னா வழி வுடுவாரு. இங்க யாருங்க நிக்கிறது?" மேனேஜர் சிரித்தார். நாற்காலி இருந்தது, மேஜை இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, அதிகாரம் மட்டும் உன் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

அப்போது போனில் உன்னிடம் இதைச் சொன்னேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. "டாக்குமெண்ட் எதுனா சரியா இருந்திருக்காதும்மா, சும்மா ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க" என்றாய். உன் பேச்சை நம்பி அவளிடம், "பட்டாவெல்லாம் சரியா இருக்குதா பாரு" என்று வேறு சொன்னேன். அவள் பாவம், கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பழைய பத்திரத்தையெல்லாம் எடுத்து வந்து காட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடன் கிடைக்காதது பெரிய காரியமில்லை தம்பி. கடன் கேட்டு இல்லை என்று வாங்காதவர் நம் ஊரில் யார்? அடுத்து நடந்ததுதான் பெரிய காரியம். அந்தக் கம்பெனியின் வசூல்காரர் ஒருவர் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வசந்தா பெயர் "மோசடி லிஸ்டில்" இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவள்தான் எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். குழுக் கூட்டத்தில் ஒருத்தி நேராகவே, "விஷயம் தீர்ற வரைக்கும் வேற யாராச்சும் பாத்துக்கட்டும் வசந்தாக்கா" என்றாள். வசந்தா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. குழுப் பெட்டியின் சாவியை எடுத்து நடுவில் வைத்தாள். "சாவியக் குடுத்துடறேன். நான் என்னா பண்ணேன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க. சொல்லிட்டுத் திட்டுங்க, வாங்கிக்கறேன்" என்றாள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமலே சாவியை எடுத்துக்கொண்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், கத்தினேன், என்ன பயன்? கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் நம் ஜனங்களுக்கு அது சாமி வாக்கு மாதிரி.

விடக்கூடாது என்று நான் அந்தக் கம்பெனியின் கடலூர் ஆபீஸுக்குப் போனேன். வசந்தா வரமாட்டேன் என்றுவிட்டாள், தனியாகத்தான் போனேன். அங்கே உன் வயதுப் பையன் ஒருவர் இருந்தார். நல்ல பிள்ளை. மத்தியானம்வரை உட்கார வைத்தாலும், கடைசியில் மனம் கேட்காமல் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகப் பெயர்கள், எல்லாம் நம் எஸ்டேட்டுக்காரர்கள். எல்லோர் பக்கத்திலும் அதே நம்பர். "ஒரே நம்பருங்க மேடம். ஒருத்தருக்கொருத்தர் ஜாமீனும் போட்டிருக்காங்க. அதனால எல்லாரும் சேந்து ஒரு கும்பல்னு சிஸ்டம் எடுத்துக்கிச்சு" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சூளை ஆபீஸ் விவரத்தை எடுத்துச் சொன்னேன். ஒரே சூளை வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடாமல் டெல்லிக்காரனா வந்து போடுவான் என்றும் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அய்யோ, இது தப்புங்க மேடம்" என்று அவர் வாயாலேயே சொன்னார். "அப்ப எடுத்துடுங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுக்கறதுக்கு இதுல வழி வைக்கலைங்க. சேக்கறதுக்குத்தான் வழி இருக்குது. அதுவும் அதுவே சேத்துக்குது."

மூன்று வருடம் ஆகியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. உன்னிடம் சொன்னால் மறுபடியும் டாக்குமெண்ட் சரியில்லை என்பாய் என்று சொல்லாமல் விட்டேன். அந்தப் புரோகிராமை எழுதியவன் ஒருவன் இருப்பானே, அவன் தாய் அவனுக்குச் சோறுதான் போட்டாளா என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். யாரைத் திட்டினேன் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

இன்னொன்றும் அந்தப் பையன் சொன்னார். அந்த எஸ்டேட்டிலிருந்து யார் புதிதாக விண்ணப்பம் போட்டாலும் இப்போது சிவப்புத்தான் வருகிறதாம், சொந்த செல்போன் நம்பர் கொடுத்தாலும்கூட. அந்த இடமே கெட்ட இடம் என்று மெஷின் கற்றுக்கொண்டுவிட்டதாம். கற்றுக்கொள்வதைப் பற்றி நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! தப்பு என்று சொல்லித் திருத்த ஆளில்லாத பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும்? தன் தப்பையே பாடமாக வைத்துத்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. மனிதர்கள் ஒரு பானையில் வெந்தவர்கள் இல்லை.

நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பம்பு செட் மோட்டாரின் பியூஸ் காணாமல் போனது. எஸ்டேட்டுப் பிள்ளைகள்தான் எடுத்திருப்பார்கள், அவர்கள் வீட்டில்தான் இதெல்லாம் செய்கிறார்கள் என்று உங்கள் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து அடித்தார்கள். வீட்டுக்கு வந்து நீ அழுதது அடி வாங்கியதற்காக இல்லை. "என்னைய ஒரு வார்த்த கேக்கலம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாய். அப்போதே உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். "புள்ளைய மொதல்ல கேளுங்க சார், அப்புறம் அடிங்க" என்றேன். அவர் கேட்டார். மறுநாள் பிரேயரில் வைத்து மன்னிப்பும் கேட்டார். நீ அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். அந்தத் தலைமை ஆசிரியர் ஒன்றும் பெரிய நியாயவான் இல்லை, கோபக்காரர், அவசரக்காரர். ஆனால் ஒரு கதவு இருந்தது, அதைத் தட்டினால் உள்ளே ஒரு மனிதர் இருந்தார். உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக வந்தபோது உன் அப்பா எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார்! அலைய வைத்தார்கள், கண்ணில் தண்ணீர் வர வைத்தார்கள். அலைவதற்கு ஓர் இடமாவது இருந்தது. வசந்தாவுக்கு நீ அதைக்கூட வைக்கவில்லையே.

மெஷினே வேண்டாம் என்று சொல்கிற பட்டிக்காட்டுத்தனம் எனக்குக் கிடையாது. சூளையில் வெப்பம் காட்டும் மீட்டர் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான். லோன் ஆபீஸர்கள் மட்டும் என்ன யோக்கியம்? ஜாதியைப் பார்த்து, சட்டையைப் பார்த்து, கமிஷனைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கு உன் மெஷின் எவ்வளவோ மேல் என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் மீட்டர் தப்பாகக் காட்டினால் நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். களிமண்ணைச் சுடுகிறவர்களுக்கே அந்தப் புத்தி இருக்கிறதே. மனிதர்களைச் சுடுகிற பெட்டியைச் செய்கிறவர்களுக்கு ஏன் இல்லை?

நீ படித்தவன், உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன். ஆனாலும் சொல்கிறேன். ஒருவருக்கு இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். அது தப்பு என்று அவர் சொன்னால் கேட்பதற்கு ஒரு மனிதரை உட்கார வையுங்கள், சும்மா சிரிப்பதற்கு இல்லை, மாற்றுகிற அதிகாரத்தோடு. திருடர் என்ற வார்த்தையைக் கம்ப்யூட்டர் வாயில் போடாதீர்கள். சந்தேகம் என்று வரட்டும், பிறகு ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். சென்னையிலிருந்து விருத்தாசலத்துக்கு என்ன கப்பலா ஏற வேண்டும்? ஸ்டாண்டில் இறங்கி எந்த ஆட்டோக்காரரிடம் அந்த நம்பரைக் காட்டியிருந்தாலும், "சூளை ஆபீஸுங்களா, ஏறுங்க" என்று கூட்டி வந்திருப்பாரே. இப்போது இந்தியா முழுதும் போடப்போகிறோம் என்கிறாய். மங்கலம்பேட்டையில் வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்கள் ஒரு மளிகைக் கடை நம்பரை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் காலம் தள்ளினார்கள்! இன்றைக்கும் ஒரு தெருவுக்கு ஒரு செல்போன் இருக்கிற ஊர் எத்தனை! எல்லோரும் உனக்குக் கும்பலா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் யார் செய்தாலும் பழியைச் சுமப்பது எப்போதும் போன் இல்லாதவர்கள்தான்.

"பெரும்பாலும் சரியாத்தாம்மா சொல்லுது" என்பாய். சரி, அந்தப் பெரும்பாலில் சேராத கொஞ்சம் பேர் யார் என்று போய்ப் பார்த்தாயா? நான் சொல்கிறேன். ஒருத்தி வசந்தா. அவளிடம் வேலை பார்த்த நாலு பெண்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். சென்னைக் கடை ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. அவள் ஷெட்டை விட்டுவிட்டு இப்போது முந்திரிக் கொட்டை உடைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். பிள்ளையாருக்குக் கண் திறந்த விரல்கள் கொட்டைப் பாலில் வெந்து தோல் உரிந்து கிடக்கின்றன. இன்னொருத்தி, ஜாமீன் போட்ட உன் அம்மா. கடலூர் திரையில் என் பெயரையும் நான் பார்த்தேன். நீ பெற்ற பதவி உயர்வின் கணக்கில் உன் அம்மாவும் திருட்டுக் கும்பலைச் சேர்ந்தவள்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, என்னால் உன்னிடம் கத்த முடியும். வசந்தா யாரிடம் கத்துவாள்?

இதையெல்லாம் சொன்னபோது உன் அப்பா, "புள்ள வேணும்னா செஞ்சான்?" என்று கேட்டார். வேண்டும் என்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். வேண்டும் என்று செய்கிறவனுக்கு யாருக்குச் செய்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும். உனக்கு அதுவும் தெரியவில்லை. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். வா. வசந்தாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். நேற்று முந்திரி கம்பெனி வாசலில் வைத்துத்தான் சொன்னேன், உனக்குப் பதவி உயர்வு, கடன் கொடுக்கிற கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை என்று மட்டும். வேறு எதையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நீ. அவளுக்கு அத்தனை சந்தோஷம். உரிந்த கையாலேயே என் கன்னத்தைத் தடவி, "நல்லா இருக்கட்டும்க்கா நம்ம புள்ள" என்றாள். பிறகு பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "ஏங்க்கா, நம்ம எஸ்டேட்டு புள்ள ஒருத்தன் அன்னைக்கு அந்த மாதிரி எடத்துல இருந்திருந்தா, எனக்கு இப்புடி ஆக வுட்டுருப்பானா?"

அம்மா